கன்னியப்பன் எழுந்தால்

பழைய என்ஜின் வெள்ளத்தில் முங்கிச் செத்தது.
மாற்று என்ஜின் புதுப்பேட்டையிலிருந்து வந்தது,
ஷேர் ஆட்டோவில், சாக்கு சுற்றி,
இரண்டு ஆள் சீட்டுக்கு நான் காசு கொடுத்து.
"ஓடும்மா. ஓடலைன்னா எடுத்துட்டு வராதே"
என்றார் நவாஸ் பாய்.
அது கேரண்டியா மிரட்டலா தெரியவில்லை.

நாலு போல்ட்டும் தைத்த சட்டைபோல் உட்கார்ந்தன.
தகராறு ஒயரில்.

கம்பெனி கிரவுண்டு ஓரம், ரோலர் ஷெட்டில்,
மோதிரத்தைக் கழற்றி டிபன் மூடியில் போட்டுவிட்டு
புல்வெட்டும் டிராக்டரின் வயிற்றைத் திறந்தேன்.
பதினான்கு ஒயர். பதினான்கும் ஒரே நிறம்,
அம்பத்தூர் எஸ்டேட் தூசியின் நிறம்.
சுரண்டினால் உள்ளே பச்சைச் செம்பு,
வெள்ளம் விட்டுப்போன சேறு,
எலி பாதி தின்று பிடிக்காமல் விட்ட இடம்.

அப்புறம் இது:
சீட்டுக்கு அடியில், சுவிட்சின் இரு காலையும்
சேர்த்து முறுக்கிய ஒரு விரற்கடைக் கம்பி.
ஆள் இறங்கினால் வண்டி நிற்கவேண்டும்.
நிற்காதபடி யாரோ செய்திருக்கிறார்கள்.
கீழே பிளேடு சுற்றுகிறது, அய்யா,
பிளேடு.

கன்னியப்பன் ரோலரைத் துடைப்பதுபோல் துடைத்தார்.
கேட்கவில்லை நான். பிடுங்கி எறிந்தேன்.

பழையது, பேட்டரி கரண்ட் கொடுத்தால்தான் ஓடும்.
இது தன் பொறியைத் தானே போட்டுக்கொள்ளும் ஜாதி.
நிறுத்த ஒரே ஒரு கறுப்பு ஒயர்,
அதை பாடியில் தொடவைக்க வேண்டும்.
தப்பித்தவறி பன்னிரண்டு வோல்ட்டை அதில் ஏற்றினால்
காயில் போச்சு, நவாஸ் பாயும் போச்சு.
தெரியும் எனக்கு. என் அடையாள அட்டையில்
வயர்மேன் என்றுதான் இருக்கிறது, மேன் உட்பட.

தெரிந்தும், சாயங்காலம் ஆறரைக்கு
சாவி திருப்பினால் கிர்ரென்று பிடித்த என்ஜின்
கன்னியப்பன் ஏறி உட்கார்ந்ததும் செத்தது.
எழுந்தார். மறுபடி திருப்பினேன். ஓடியது.
உட்கார்ந்தார். செத்தது.
மூன்றாம் தடவை அவரே சிரித்துவிட்டார்:
"என்னைப் பிடிக்கலை மேடம் இதுக்கு."

பழைய சுவிட்ச், புது என்ஜின்.
ஆள் உட்கார்ந்தால் சேரும் சுவிட்ச் அது.
சேர்வது அதற்கு உயிர், இதற்குச் சாவு.
சரி, நடுவில் ஒரு ரிலே வைத்துத் திருப்பவேண்டும்.
அதைச் சொல்லிக்கொண்டே கேட்டேன்,
அந்தக் கம்பி எதுக்கு?

டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தார்.
டீப் மிட்விக்கெட் தாண்டி, கயிற்றுக்கு ஒரு முழம் உள்ளே
கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நாலு முட்டை.
தலைக்கு மேலே இருட்டில் ஆள்காட்டி
எங்கள் இருவர் பரம்பரையையும் திட்டியது.
"வருசா வருசம் இடம் மாத்திடும்.
இறங்கிப் பார்த்துட்டுத்தான் வெட்டணும்.
ஒவ்வொரு தடவையும் ஆஃப் ஆனா
பேட்டரி தாங்காது மேடம்.
ஸ்டோர்ல எழுதிக் கொடுத்து ரெண்டு வருசம்."

சனிக்கிழமை ரிச்சி தெரு.
ரிலே ஒன்று, ஸ்லீவ் இரண்டு மீட்டர்,
பில் இல்லாமல் எண்பது ரூபாய்.
பிளேடு சுவிட்ச் வழியாக இழுத்தேன் அந்தக் கறுப்பை:
பிளேடு சுற்றும்போது அவர் எழுந்தால்
அந்த நொடியே நிற்கும்.
பிளேடை அணைத்துவிட்டு இறங்கினால்
எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டினேன்:
சாவி. சார்ஜ். பிளேடு. சீட்.
ரிலேயின் மேல் என்ன எழுதுவது என்று யோசித்து
குருவி என்று எழுதினேன்.
அடுத்து திறக்கிறவன்
மண்டையைச் சொறியட்டும்.

ஞாயிறு மேட்ச். டீப் மிட்விக்கெட்டில்
ஒரு பாய் அளவுக்குப் புல் வெட்டாமல் நின்றது.
பெயின்ட் ஷாப் கேப்டன் வந்து கத்தினான்.
கன்னியப்பன் வண்டியிலிருந்து இறங்கி
அவனுக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை
என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.