தொண்ணூற்றாறு விநாடி

கொபேலிஸ் கடற்கரையில் ஜனவரி இருட்டு
மாலை ஐந்துக்கே வந்து உட்கார்ந்துவிடும்.
ஏழு நாற்பதுக்கு வற்றம்.
ஆளுக்குப் பதினைந்து மட்டி, மீறினால் அபராதம்.
மூன்று மைலுக்கு விளக்குகள், குனிந்த முதுகுகள்,
குழாயை மணலில் இறக்கி
மேல்துளையைக் கட்டைவிரலால் அடைத்து
உருவுகிற சத்தம்.

‘கடலுக்கு முதுகைக் காட்டாதீர்’ என்று
கார் நிறுத்துமிடத்தில் பலகை இருக்கிறது.
மட்டி தோண்டுகிறவன்
வேறெதைக் காட்டுவான்?

அலைகளை எங்களுக்குத் தெரியும்.
பதினான்கு விநாடிக்கு ஒன்று.
வெள்ளையாக உடையும், இரையும்,
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும்.

தெரியாதது அவற்றுக்குக் கீழே இருந்தது.
பெரிய அலைகள் ஏழெட்டு கூட்டமாக வருமிடத்தில்
கடல் ஒரு விரற்கடை தாழும்.
கூட்டம் மெலிந்த இடத்தில் ஒரு விரற்கடை உயரும்.
கப்பலில் இருப்பவனுக்குக்கூட உறைக்காது.
அந்தத் தாழ்வும் உயர்வும் சேர்ந்தால் ஓர் அலை,
கூட்டத்தோடு கட்டுண்டு
வெகுதூரம் நடந்துவரும் நீளமான ஒன்று.
கரையருகே குட்டை அலைகள் உடைந்து சிதற
கட்டு அவிழும்.
நுரைக்கடியில் அது மட்டும் உடையாமல் ஏறிவரும்.

இதைச் சொன்னவள் மாரிட் சோல்ஹைம்,
மணலில் இரும்புக் கம்பி நட்டு
அழுத்தமானி கட்டிக்கொண்டிருந்த மாணவி.
டெல்மர் கடைசிவரை கேட்டுவிட்டு
“இதற்குச் சம்பளமா தருகிறார்கள்?” என்றான்.

அன்றிரவு கடல் பின்வாங்கியது.
வற்றத்துக்கும் மேலான வற்றம்.
அலை ஓயட்டும், பிறகு குளிக்கலாம் என்று
காத்திருப்பவனைப் பார்த்துச் சிரிப்போமே,
அன்று ஓய்ந்தது.
அதுவரை காணாத ஈரமணல்,
அம்மைத் தழும்பு முகம்போல் முழுக்க மட்டிக்குழிகள்.
விளக்குகள் எல்லாம் கடலைப் பார்த்து நகர்ந்தன.

ஆர்டித் மட்டும் நின்றாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
இருபது வருடமாக
முதுகுக்குப் பின்னால் சத்தம் நின்றால்
திரும்பிப் பார்க்கிறவள்.
“மேலே போங்க” என்றாள்.

முகடில்லை. நுரையில்லை.
தரையே நகர்வதுபோல் வந்தது.
கணுக்கால், முழங்கால், அப்புறம் நான் எண்ணவில்லை.
போன புயலில் ஒதுங்கி, பாதி புதைந்து,
நாங்கள் ஃபிளாஸ்க் வைத்துக் காப்பி குடித்த
ஸ்புரூஸ் மரக்கட்டை
எழுந்தது.
நாலு டன் இருக்கும்.
தூக்கத்தில் புரள்கிறவன்போல் ஒருமுறை புரண்டது.
டெல்மரின் பூட்ஸை மணல் கவ்விக்கொள்ள,
அக்குளில் கைகொடுத்து ஆர்டித் அவனை உருவினாள்.
மட்டியை உருவுகிற அதே சத்தம்.

மற்ற அலையென்றால் மூச்சுவிடுமுன் போயிருக்கும்.
இது இடுப்பளவில் நின்று
யோசித்தது.
பிறகு போனது, வாளிகளோடும்
ஒரு வரிசை விளக்குகளோடும்.

வழியில் காவலர் டார்ச் அடித்துக் கேட்டார்: “எத்தனை?”
மூன்று பேருக்கும் சேர்த்து நான்கு.

மறுவாரம் மாரிட் தாளை விரித்தாள்.
குட்டை அலைகளைச் சலித்து எடுத்துவிட்டால்
மிஞ்சுவது ஒரு மேடு.
ஏழு ஐம்பத்திரண்டு மணி,
தாழ்விலிருந்து தாழ்வுக்குத் தொண்ணூற்றாறு விநாடி.
கைக்குழந்தையின் புருவம் மாதிரி மெலிசான கோடு.
“இதில் நான் எங்கே?” என்றான் டெல்மர்.
உச்சிக்குச் சற்று இந்தப்பக்கம்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

கரையில் மோதித் திரும்புவதெல்லாம்
ஆழத்துக்குப் போய்ச் சேராதாம்.
சில வளைந்து மறுபடி கரைக்கே வந்து,
சுவரைத் தடவி நடக்கிறவர்கள்போல்
ஓரமாகவே போய்க்கொண்டிருக்குமாம்.

இடது பூட்ஸ் வடக்கே எட்டு மைலில்
மோக்ளிப்ஸ் ஆற்றுவாயில் கிடைத்தது.
உள்ளே மணல்.
மணலுக்குள் நகத்தளவு மட்டி ஒன்று, உயிரோடு.
கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.
சட்டப்படி அதுவும் பதினைந்தில் சேரும் என்று
ஆர்டித் சொல்லிக்கொண்டே வந்தாள்.