ஆறாவது விரல்

டிஸ்க் வெளியாகும் நாள் எப்போதும் புதன்கிழமை.
ஹாச்சினோஹேயில் அன்று பனி முழங்காலுக்கு.
வேலை முடிந்து வந்தோம், நான்கு பேர்,
நெடுஞ்சாலையோர உணவகத்தின் கடைசி மேசைக்கு.
குடிப்பதை எத்தனை முறையும் நிரப்பிக்கொள்ளலாம்.
அதனால்தான் இந்த இடம்.

'உப்பு ரயில்', இரண்டாம் சீசன், மூன்றாவது ப்ளூ-ரே.
இரண்டே எபிசோட்.
யானை விலை, குதிரை விலை.
செரிஸாவா பிளாஸ்டிக் உறையைக்
கார்ச்சாவியால் கீறினார்.
உள்ளே ஒரு சிறு புத்தகம், மை காய்ந்த வாசம்.
முதலில் ஆளுக்கொரு முறை முகர்ந்தோம்.
இதை வெளியே சொல்வதில்லை.

"முதல் சீசன் பெட்டி அரை அங்குலம் உயரம்.
அலமாரியில் இது
குடிக்கூலிக்கு வந்தவன் மாதிரி ஒதுங்கி நிற்கிறது."
மீன் லாரி ஓட்டுகிறவர், அளவில் கறார்.

நுகுயிக்கு ஒலியில் மனத்தாங்கல்.
உப்பின்மேல் சக்கரம் நொறுங்கும் சத்தம்
இப்போது ஐந்து பக்கமிருந்தும் வருகிறதாம்.
"எனக்கு முன்னாலிருந்து வந்தால் போதும்.
பின்னால் அம்மா தூங்குகிறாள்."

நான் மடிக்கணினியைத் திறந்தேன்.
ஒன்பதாம் எபிசோட், பதினேழாம் நிமிடம்.
ரயிலோட்டும் பெண்
சன்னல் கண்ணாடியில் கை வைக்கிறாள்.
எண்ணினோம்.
ஐந்து.

டிவியில் வந்த இரவு ஆறு இருந்தது.
அந்த ஒரு படத்தை நிறுத்தி, வட்டம் போட்டு,
அம்புக்குறி போட்டுச் சிரித்தார்கள்.
நானும்தான்.
'காசு தீர்ந்தது, ஆளும் தீர்ந்தது,
இரண்டாம் சீசன் என்றால் இதுதான்' என்று
எல்லாம் தெரிந்தவன் போல
ஏதோ சொன்ன நினைவு.

இப்போது கை அழகு.
நகத்தில் ஒளி,
கண்ணாடியில் மூச்சின் ஆவிகூட.
குறை சொல்ல ஒன்றுமில்லை;
அதுவே தொண்டையில் முள்ளாய் நின்றது.
"நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் செரிஸாவா,
விற்ற வீட்டின் சாவியைக் கொடுப்பவர் குரலில்.

மிஸுமாக்கி அதிகம் பேசமாட்டாள்.
மருந்துக்கடையில் இரவுப் பணி.
ஸ்ட்ராவில் முடிச்சுப் போட்டபடி சொன்னாள்:
"ஆறு போட்டது என் தங்கை."

மூன்று வருடம் இதே மேசை.
யாரும் ஐஸ் கட்டியைக்கூடக் கடிக்கவில்லை.

"இடைப்படங்கள் வரைந்தாள், சைத்தாமாவில்.
தாளுக்கு இருநூற்றுச் சொச்சம் யென்.
அந்த வாரம் தூங்கியதெல்லாம் மேசைக்கடியில்.
விரல் புறப்பட்ட இடம், போய்ச் சேரும் இடம்,
இரண்டையும் ஒரே தாளில் போட்டுவிட்டாள்.
விடிகாலை நாலு மணி.
சரிபார்க்க வேண்டியவரும் தூங்கிவிட்டார்."

"திருத்தியதும் அவளா?" நுகுயி கேட்டாள்.

"இல்லை. மார்ச்சிலேயே விட்டுவிட்டாள்.
செண்டாயில் கேக் கடை.
பிறந்தநாள் பெயர்களைக் க்ரீமில் எழுதுகிறாள்.
அங்கே யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லையாம்."

செரிஸாவா சிறு புத்தகத்தைப் புரட்டினார்.
கடைசிப் பக்கம், கடுகளவு எழுத்து.
பதினாலாவது பெயர்.
எண்ணெய் ஒட்டிய கட்டைவிரலை
கால்சட்டையில் துடைத்துவிட்டு
அதைத் தொட்டார்.

"பழைய பதிவு யாரிடமாவது இருக்கிறதா?"
"தேடிப் பார்க்க வேண்டும்" என்றேன்.
தேடவே வேண்டாம்.
சிரிப்பதற்காக வைத்திருந்தேன்.

வீட்டில் ரெக்கார்டர் இரண்டு மாதமாகக் கேட்கிறது:
இடமில்லை, அழிக்கட்டுமா?
கோட்டைக் கழற்றாமல் அதே நிமிடத்தில் நிறுத்தினேன்.
அன்றிரவு இங்கே நிலம் நடுங்கியிருக்கிறது;
திரையின் மேல் ஓரத்தில் வெள்ளை எழுத்து,
ஆவோமோரி கடற்கரை, அளவு மூன்று.
அதற்குக் கீழே மங்கலாக அந்தக் கை.

ஒவ்வொரு படமாக நகர்த்தினேன்.
ஐந்து. ஐந்து. ஆறு. ஐந்து.
கூடுதலாக இருந்தது என்று இத்தனை நாள் நினைத்தேன்.
அது போய்க்கொண்டிருந்தது.