கூர் அடைப்புக்குறிக்குள் ஓர் ‘அல்லன்’

இந்த வாரம் குறிப்பெடுப்பது என் முறை.
தார்த்து, பிப்ரவரி, செவ்வாய், மாலை ஐந்து.
கீழே ஆறு கெட்டித்துக் கிடக்கிறது;
அதன்மேல் யாரோ நாயோடு நடக்கிறார்கள்.
ஹீட்டர்மேல் மாரிகாவின் கம்பளிக் காலுறைகள்.
மேசையில் கறுப்பு ரொட்டி, உப்பிட்ட சிறுமீன்,
ஆறு நகல்தாள்கள்.
ஐந்து பேர்.

போன செமினாரில் ஒன்றரை வரி வாசித்தோம்.
இன்று அரை வரி தாண்டினால் அதிகம்.
பெயர் தொலைந்துபோன ஒரு கிரேக்கன்
நட்பைப் பற்றி எழுதியதில் எஞ்சியவை
பதினொரு துண்டுகள்.
நாங்கள் சிக்கியிருப்பது ஏழாவதில்:

விலகிப் போனவன் நண்பன் <அல்லன்>.

தோல் ஏட்டில் ‘நண்பன்’ வரைதான் உண்டு.
மூலத்தில் இரண்டே எழுத்தான அந்த மறுப்பை
நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்
ஒரு ஜெர்மானியப் பதிப்பாசிரியர் செருகினார்.
பிரதியெடுத்தவனின் கை தவறியிருக்குமாம்.
அடிக்குறிப்பில் சொல்கிறார்,
தன் கை தவறவே தவறாது என்ற தோரணையில்.

செருகியது சரி, என்கிறான் கால்லே,
ஆறாம் துண்டு அப்படித்தான் இழுக்கிறது.
ஏட்டை நம்பாமல் வேறெதை நம்புவது, என்கிறாள் மாரிகா.
ஓய்வுபெற்ற நில அளவையாளர் எல்மர்
வாயில் ரொட்டியோடு கால்லே பக்கம் தலையசைக்கிறார்.
ஹில்யா மருத்துவ மாணவி,
வேற்றுமை உருபுகளில் இன்னும் தடுக்கி விழுபவள்:
“‘போனவன்’ சரி.
திரும்ப வரமாட்டான் என்று எங்கே இருக்கிறது?”
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நான் அடிக்கோடு மட்டும் போட்டேன்.

ஆறாவது தாள் ஊர்மாஸுடையது.
நகலெடுப்பவள் நான்; எண்ணிக்கையை மாற்றவில்லை.
நவம்பரில், ஒரு வினையெச்சத்துக்காகக்
கால்லேயோடு மோதி, நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனான்.
வினையெச்சம் வெறும் சாக்கு.
துறையில் இருந்தது ஒரே ஒரு வேலை.

ஏழு மணிக்கு வாக்கெடுப்பு. இரண்டுக்கு இரண்டு.
குறிப்பெடுப்பவருக்கு வாக்கில்லை என்பது
எங்கள் பழைய விதி. நல்ல விதி.

“ஏட்டின் படம் அவனிடம்தான் இருக்கு”
என்றான் கால்லே, மீன் தட்டைப் பார்த்து.
கோடையில் பிளாரன்ஸ் போய்ப் பக்கம் பக்கமாக எடுத்து வந்தது.
பிறகு அவனே கைபேசியை எடுத்தான்.
எழுதினான், அழித்தான், எழுதினான்.
ஏழாவது, இரண்டாம் வரி. அங்கே என்ன இருக்கு?
வணக்கம் இல்லை. மன்னிப்பும் இல்லை.

ஏழு நாற்பதுக்குப் படம் வந்தது.
பழுப்புத் தோல். ‘நண்பன்’ தெளிவாக.
அதை ஒட்டி, இரண்டு எழுத்து கொள்ளும் அகலத்தில்,
புழு தின்ற ஒரு துளை.
துளையைப் பற்றி அடிக்குறிப்பில் ஒரு பேச்சும் இல்லை.
படத்தின் கீழே ஊர்மாஸ்:
என்ன தின்றது என்று புழுவைத்தான் கேட்கணும்.
இன்னும் அந்த ஜெர்மன்காரரையா நம்புகிறாய்?

கால்லே சிரித்தானா என்று தெரியவில்லை.
மாரிகா காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்,
குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் துண்டுக்குப் போகவில்லை.
அடுத்த செவ்வாய்: ஏழு, இரண்டாம் வரி, தொடர்ச்சி.
நகல்: ஆறு.