இரவல் போன ஓவியம்

ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை, பதினொரு மணி.
நீதிமன்றத் தாளில் இடத்தைக் குறிக்க
ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
வீட்டு வாசல் என்றால் நாங்கள் கத்துவோம்.
ரயிலடி என்றால் அவள் அழுவாள்.
அருங்காட்சியகம் என்று எழுதினான் கெர்கோ.
அங்கே யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள்,
உயர்த்தினால் அதட்டச்
சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

புடாபெஸ்டில் பிப்ரவரி.
சதுக்கத்து வெண்கலக் குதிரைகள்மேல்
வீரர்களுக்குப் பின்னால் பனியும் ஏறி உட்கார்ந்திருக்கும்.
படியேறும்போதே பொரோகா கையுறைகளைக் கழற்றுவாள்:
ஒன்று தன் பையில், ஒன்று என் பையில்.
என்னுடையதைத் திருப்பித்தர மறப்பேன்.
வீட்டில் ஒற்றைக் கையுறைகள் ஏழு.

முதல் மாடி, பதினேழாம் அறை.
எவனோ ஒரு டச்சுக்காரன் வரைந்த சாப்பாட்டு மேசை:
பாதி உரித்த எலுமிச்சை, சுருண்டு தொங்கும் தோல்,
சாய்ந்துவிட்ட வெள்ளிக் கோப்பை,
சாப்பிட்டவர்கள் எழுந்துபோன அவசரம்.
எதிர்ப் பெஞ்சில்
அவன் இடது ஓரம், நான் வலது ஓரம்,
நடுவில் அவளுடைய முதுகுப்பை.
இருமல் மருந்து. கணக்கு நோட்டு.
ஞாயிறு ஆறு மணி, தாமதம் வேண்டாம்.
இரண்டு வருடமாய் அந்த எலுமிச்சையைப் பார்த்தபடிதான்
வாய்வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன்,
பல் கூசக் கூச.

பொரோகா புனிதர்களைப் பார்ப்பதில்லை.
சிலுவையில் தொங்குகிறவரைத் தாண்டி,
முத்துப் போட்ட சீமாட்டிகளைத் தாண்டி
நாய் தேடிப் போவாள்.
இதுவரை நாற்பத்தொன்று. தூங்குபவை ஒன்பது.
இராப்போசன மேசைக்கு அடியில் ஒன்று
எலும்போடு மல்லுக்கட்டுகிறதாம்,
மேலே நடப்பது எதுவும் அதற்குத் தெரியாதாம்.
காவலுக்கு இருக்கும் பிரோஷ்கா
நாற்காலியை விட்டு எழாமலே கணக்கைத் திருத்துவார்:
'முப்பத்தெட்டாவது நாயில்லை, ஆட்டுக்குட்டி.
அடித்துவிடு.'

இன்றைக்குப் படம் இல்லை.
சுவரில் இரண்டு கொக்கி.
வெளிறிய சிவப்புத் துணியில்
வெளிச்சம் படாத ஒரு நீள்சதுரம்.
பக்கத்தில் சாம்பல் அட்டை:
இரவலாகச் சென்றுள்ளது. மே மாதம் திரும்பும்.
எழுத்துக் கூட்டிப் படித்தவள்
'என்னை மாதிரி' என்றாள்.
குறையாகச் சொல்லவில்லை.
ஒரே நிறத்தில் இரண்டு பொத்தான் கிடைத்தது போல.

பெஞ்சில் உட்காரத் தோன்றவில்லை.
வெறும் சுவருக்கு முன் நின்றோம்,
தோளும் தோளும் ஒரு முழத் தூரத்தில்.
'எலுமிச்சை இடப்பக்கம்' என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே.
'வலப்பக்கம். கத்திக்கு அருகே.'
'கத்தி ஏது? கரண்டி.'
'நீ எப்போதுமே இப்படித்தான்...'
பிரோஷ்கா தொண்டையைச் செருமினார்.
முதலில் சிரித்தது அவனா நானா தெரியாது.
சத்தமாய்ச் சிரிக்கவும் கூடாத இடம்,
மூக்கு வழியே புஸ்ஸென்று போனது.

'எலுமிச்சை நடுவில்' என்றாள் பொரோகா.
'அதற்கு நேர் கீழே, மேசைத்துணி ஓரத்தில்
ஒரு மூக்கு.
கறுப்பு. மூக்கு மட்டும்.
அதுதானே என் ஒண்ணாம் நம்பர் நாய்.'

ஐம்பது சனிக்கிழமை.
இருவருமே பார்க்கவில்லை.

கீழே கோட்டு வாங்கும் பெண்
என்னுடையதை எடுத்துத் தந்துவிட்டு,
அதே கொக்கியில் தொங்கிய சின்னதை
அவனுடைய எண்ணுக்கு மாற்றி மாட்டினாள்.
எதுவும் கேட்கவில்லை. பழகிய கை.

வெளியே வந்த பிறகுதான்
பைக்குள் கையுறை தட்டுப்பட்டது. எட்டாவது.
இரண்டு விரல் நுழைத்தேன், அதற்குமேல் போகவில்லை.
டிராலிபஸ் வந்து நின்று,
கதவைத் திறந்து, கொஞ்சம் காத்து, மூடியது.
நான் திரும்பவும் படியேறிக்கொண்டிருந்தேன்.
சீட்டு இன்று முழுக்கச் செல்லும்.