ஆறு முட்டை

எத்தனை முட்டை என்றார் ஆ கியோங்.
ஆறு என்றேன்.
இதையெல்லாம் வைத்து என்ன செய்கிறாய் என்றார்.
அதற்கும் ஆறு என்றேன்.
நன்றாகவே தமிழ் பேசுகிற மனிதர்.
கால்குலேட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

வெள்ளைக் கரு எனக்கு உதவாது.
அடுத்த வீட்டு ஜீவேந்திரன் ஜிம்முக்குப் போகிறான்,
டம்ளரோடு பின்கதவில் வந்து நிற்பான்.
அவன் தோள் அகலத்தை வைத்தே
படம் எவ்வளவு முடிந்ததென்று சொல்லிவிடலாம்.

மஞ்சளை உள்ளங்கையில் ஏந்தி
இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாய் உருட்டி
ஈரம் போக்கி
தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியால் ஒரு குத்து.
கிண்ணத்தில் இறங்கிவிடும்.
தோல் மட்டும் விரலில்.

சிவப்புக்கு, ரோட்டுக்கு வெட்டிய மேட்டு மண்.
கறுப்புக்கு ரப்பர் விறகுக் கரி.
பச்சைதான் படுத்துகிறது.
எதை எதோடு குழைத்தாலும்
செம்பனைப் பச்சையாகவே வந்து நிற்கிறது.
துரோலாக்கில் கண் திறந்தால் அதுதானே.
எல்லைக் கம்பிக்கு அப்பால்
காட்டின் பச்சை வேறு,
கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் துருவேறி.

பகலில் எண்ணெய் ஆலையில் எடைமேடை.
லாரி ஏறும், எண் வரும், எழுதுவேன், இறங்கும்.
இரவில் அதே கையால் நீருக்குக் கோடு.
முட்டைச் சாயம் தொட்டதும் காயும்,
ஈரத்தோடு ஈரம் சேரவிடாது.
ஓடுகிறதை
ஓடாத மயிரிழைக் கோடுகளால்தான் போட்டாக வேண்டும்.
ஒரு கல்லைச் சுற்றி நீர் வளையும் இடத்துக்கு மட்டும்
ஒன்பது இரவு.

பலகை அந்த ஓடையோரம் விழுந்து கிடந்தது.
முன்பக்கம் கம்பெனி எழுத்தில்
டிலாராங் மாசோக், நுழையாதே.
பின்பக்கம் சுண்ணமும் பசையும் எட்டுப் பூச்சு,
தேய்த்துத் தேய்த்துப் பால்போல் ஆக்கினேன்.
ஆணி ஓட்டை ஒன்று மட்டும்
எப்படி அடைத்தாலும் மடுவின் நடுவில் தெரிகிறது.
அங்கே ஒரு மீனை வரையுங்கள் அக்கா என்றான் ஜீவேந்திரன்.
போன வருடத்திலிருந்து அங்கே மீன் இல்லை.
வரையவில்லை.

இன்று காலை பார்த்தால் எறும்பு.
மஞ்சள் கருவின் வாசத்துக்கு
மேல்கரையில் ஏறி
வரிசையாய் நீரோடு இறங்கி
கல் வந்ததும், நான் வளைத்த இடத்தில், வளைந்து
போய்க்கொண்டிருந்தன.
ஊதுவதற்குக் குவித்த வாயோடு
ஏழு மணிச் சங்கு ஊதும்வரை நின்றேன்.
பிறகு ஊதினேன்.