சுடாத கல்

லிம்போபோவுக்கு இப்புறம், மாப்பாயில்,
மழை பார்த்துப் பதினோரு மாதம்.
வெடித்துக் கிடந்த குட்டையை வெட்டித்தான்
ஃபெனியாஸ் கல் அறுத்தான், முந்நூற்று நாற்பது.
சூளைக்கு விறகில்லை. சுடவில்லை.

மண்ணுக்குள் முட்டைகள் இருந்தது அவனுக்குத் தெரியாது.
கசகசா அளவுதான்.
ஒவ்வொன்றாய்ச் சேற்றில் புதைத்த தாய்மீன்
தண்ணீரோடு தானும் தீர்ந்துபோயிருந்தது.

டிசம்பரில் ஓர் இரவு கொட்டித் தீர்த்தது.
சுவராகாத கற்கள் அடுக்கோடு கரைந்தன.
தார்ப்பாய் வாங்கச் சொன்னேனே என்று
விடியும்வரை திட்டினாள் நியெலெட்டி.

மூன்றாம் வாரம்
கல் அடுக்கியிருந்த பள்ளத்தில்
வாத்துக்குத் தண்ணீர் மொள்ளப் போனவள்
குவளையை முக்காமல் குந்திவிட்டாள்.
விரல் நீளங்கூட இல்லை. வால் மட்டும் செக்கச்செவேல்.
இரண்டு ஆண்கள் முட்டிக்கொள்ள,
பெண் ஒன்று
அடிச்சேற்றை முகர்ந்து முகர்ந்து இடம் பார்க்கிறது.

அவசரம் அதற்கு.
வெயில் ஏற ஏறக் கரை உள்ளே வருகிறது.

எல்லா முட்டையும் பொரிந்துவிடவில்லை.
முதல் மழையை நம்பாத சில
இன்னும் உறங்குகின்றன,
பள்ளத்தின் அடியிலும்,
தப்பிய எட்டுக் கல்லை வைத்து
ஃபெனியாஸ் எழுப்பிய
கோழிக்கூட்டுச் சுவரிலும்.