மேற்குச் சுவர்

ஃபாரோ தீவுகளில் மழை விழுவதில்லை. வருகிறது,
பக்கவாட்டில்;
சில நாள் கீழிருந்து மேலே.

மனை அளக்கப் போன அன்று
என் அளவுநாடா ஏழு மீட்டர் தாண்டியதும்
படமெடுத்து, நெளிந்து, பள்ளத்தில் பாய்ந்தது.
ஹானுஸ் சிரித்தார்.
மர்யுன் சிரிக்கவில்லை.
"வீடும் இப்படித்தான் போகுமா?" என்றார்.

நான் வரைந்து வைத்திருந்தது கண்ணாடி வீடு.
மேற்கே சுவருக்குப் பதில் கடல்.
அடுப்படியில் நின்றால் அடிவானம்,
படுத்தால் அடிவானம்,
பல் துலக்கும்போதும் அதே அடிவானம்.
மர்யுன் தாளைக் கவிழ்த்து வைத்தார்.
"முப்பத்தொரு வருஷம் படகுத்துறைக் கப்பலில் துணை மாலுமி.
அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.
இனிமேல் எதற்கு ஓசியில் பார்க்கணும்?"

ஹானுஸ் கணக்கு வாத்தியார்.
கடலுக்குப் போகாதவர், ஆகவே கடல் மேல் ஆசை.
இரண்டு பேருக்கும் நடுவில் நான்,
கையில் அழிரப்பர்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார்.
கூட்டத்துக்குக் கூப்பிடாமலே வருவார்.
கூரைச் சாய்வைக் கொஞ்சம் எடுப்பாக வைத்தேன்;
படுக்க வை என்றது காற்று.
கூரை விளிம்பை ஒரு முழம் நீட்டினேன்;
தூக்குவதற்குக் கைப்பிடி வைக்கிறாயே, நல்லது என்றது.
வெட்டிவிட்டேன்.
சாதா ஆணியை இரண்டு குளிர்காலத்தில்
உப்பு தின்று ஏப்பம் விடும்.
துருவேறாத எஃகு, அதுவும் பன்னிரண்டு கம்பி,
கரும்பாறையில் ஆளுயரம் துளைத்து இறக்கினோம்.
வேறு ஊர்களில் அஸ்திவாரம் வீட்டைத் தாங்கும்.
இங்கே பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

கூரையில் புல்.
அழகுக்கு என்று நினைப்பார்கள் வந்துபோகிறவர்கள்.
எடைக்கு.
"ஆடு ஏறினால்?" என்றார் ஹானுஸ்.
"ஏறட்டும். மூன்று ஆடு வரை கணக்கில் சேர்த்திருக்கிறேன்."
"நனைந்த ஆடா, காய்ந்த ஆடா?"
வாத்தியார் அல்லவா.

வாசல் இரண்டு, கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று.
இன்று எது என்பதைக்
காலையில் காற்றைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும்.
லார்ச் பலகைக்கு வர்ணம் பூசவில்லை.
பூசினால் மார்ச்சுக்குள் உரிந்துவிடும்;
விட்டால் தானே நரைக்கும்.

மேற்கே சுவர்.
வெறும் சுவர்.
ஹானுஸ் ஒரு வாரம் என் தொலைபேசியை எடுக்கவில்லை.

கடைசியில், ஈரச் செருப்பு கழற்றும் இடத்தில்
இரண்டு நோட்டுப் புத்தகம் அகலத்தில்
ஒரு பொந்து வைத்தேன்.
ஹானுஸின் கண் உயரம்.
மர்யுனுக்கு எட்டாது.
அதை மட்டும் யாரையும் கேட்காமல் செய்தேன்.

முதல் ஜனவரி. ஒழுகுகிறது என்று அழைத்தார்கள்.
போனேன்; திரும்பக் கப்பல் இல்லை, தங்கிவிட்டேன்.
இரவு மூன்று மணிக்கு வீடு முழுவதும்
ஒரே சுருதியில் முனகியது,
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி.
வாளி தேடி இருட்டில் நடந்தேன்.

வாளி கவிழ்ந்து கிடந்தது.
அதன் மேல் மர்யுன்,
கம்பளிக் காலுறையோடு,
நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி.
"துறைக்கு வெளியே நிற்கிறது. இரண்டு மணி நேரமாக."
என் பக்கம் திரும்பவில்லை.
"யார் ஓட்டுகிறார்கள்?"
"தெரியாது. புதுப் பையன்கள்."
பிறகு, எனக்கில்லை, கண்ணாடிக்கு:
"இப்போ திருப்பாதே. பொறு. பொறு."

நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.
அதிர்ந்தது, நகரவில்லை.

விளக்குகள் உள்ளே வந்தபோது மணி நாலரை.
அவர் இறங்கி, வாளியை நிமிர்த்தி,
என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

ஒழுகியது தெற்கு வாசற்படி.
விரல் அகலத் தகடு ஒன்றைத்
தலைகீழாக மாட்டியிருந்தேன்.
மழை மேலே ஏறும் என்பதை
அந்த ஒரு இடத்தில் மறந்திருக்கிறேன்.